எஸ், ஐ, ஆர்: நோயாளிக்கும் தெரியட்டும்

சாத்தான்குளத்தில் நீர்க்கடுப்பு என்று டாக்டரிடம் போகிறவர், சிறுநீரைக் கல்ச்சர் (கிருமி வளர்ப்பு) பரிசோதனைக்குக் கொடுத்தால் இரண்டு மூன்று நாளில் ஒரு தாள் கைக்கு வரும். மேலே கிருமியின் பெயர், பெரும்பாலும் ஈ.கோலை. கீழே மருந்துகளின் வரிசை. எதிரே எஸ், ஐ, ஆர். எஸ் என்றால் கிருமி அந்த மருந்துக்குக் கட்டுப்படும், ஆர் என்றால் படாது. ஐ இடைப்பட்டது, ஐரோப்பிய விதிமுறை 2019 முதல் அதற்கு, கிருமியை எட்டும் மருந்தின் அளவைக் கூட்டினால் கட்டுப்படும் என்றே பொருள் கொள்கிறது. ஈஎஸ்பிஎல் என்று குறித்திருந்தால், பென்சிலின், செஃபலோஸ்போரின் வகை மருந்துகள் பலவற்றைச் சிதைக்கும் நொதி அந்தக் கிருமியிடம் உண்டு. இவ்வளவையும் நோயாளிக்குச் சொல்லியே தாளைக் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

அரைகுறையாகத் தெரிந்தால் ஆளாளுக்கு மாத்திரை வாங்குவார்களே என்பார்கள். தெரியாமலேயே வாங்கிக்கொண்டுதானே இருக்கிறார்கள்? அதைத் தடுக்கத்தான், குறிப்பிட்ட ஆன்டிபயாடிக்குகளின் விற்பனையைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்ற எச்1 விதி 2014-இல் வந்தது. அட்டையில் சிவப்புக் கோடு போட்ட மாத்திரையைச் சீட்டில்லாமல் வாங்காதீர்கள் என்ற பிரசாரம் 2016-இல். அதற்கும் முன்பு, 2010-இல், ஆன்டிபயாடிக்கைச் சிதைக்கும், நியூ டெல்லியின் பெயர் தாங்கிய என்டிஎம்-1 நொதி பற்றிய ஆய்வு சென்னை மாதிரிகளையும் சேர்த்து வெளியானபோது, அதில் டெல்லியின் பெயர் எதற்கு என்றுதான் நாம் அதிகம் சண்டை போட்டோம்.

ஆட்சேபத்தில் ஒரு நியாயம் உண்டு. எஸ் என்பது ஆய்வகத் தட்டில் கிடைத்த விடை. சிறுநீரகத்தின் நிலை, கர்ப்பம், ஒவ்வாமை எதுவும் அதில் தெரியாது. தொந்தரவே இல்லாதவரின் சிறுநீரில் கிருமி வளர்ந்தால், கர்ப்பிணிகள் போன்ற சிலரைத் தவிர மற்றவர்களுக்குப் பொதுவாக ஆன்டிபயாடிக்கே வேண்டியதில்லை. அதையும் சேர்த்தே சொல்லலாம். இரண்டு நிமிடம் ஆகும்.