டியூப்லெஸ் டயருக்கு மாறுமுன்: மலை சைக்கிள் வைத்திருப்போர் அறிய வேண்டியவை

மலை சைக்கிளின் டியூப்லெஸ் சக்கரத்தில் காற்றைப் பிடித்து வைப்பவை மூன்று: ஸ்போக் துளைகளை மூடி ரிம்மின் உட்புறம் ஒட்டிய டேப், ரிம்மோடு இறுகப் பொருந்தும் டயர் விளிம்பு, உள்ளே ஊற்றிய சீலண்ட். முள் குத்தினால், வெளியேறும் காற்றோடு சீலண்டும் துளைக்கு இழுபட்டு அங்கேயே உறைந்து அடைத்துக்கொள்ளும். 1999இல் பிரான்சின் மாவிக் நிறுவனம் மிஷலின், ஹட்சின்சன் ஆகிய டயர் நிறுவனங்களோடு சேர்ந்து யு.எஸ்.டி. என்ற பெயரில் இம்முறையை மலை சைக்கிளுக்குக் கொண்டுவந்தது. அந்த டயர்கள் சீலண்ட் இல்லாமலே காற்றைப் பிடித்தன, ஆனால் கனமானவை. இன்று பெரும்பாலும் கிடைக்கும் ‘டியூப்லெஸ் ரெடி’ டயர்களின் எடை குறைவு. சீலண்ட் ஊற்றாவிட்டால் அவற்றில் காற்று நிற்பதில்லை.

மாறுவதால் வரும் பெரிய லாபம் முள்ளிலிருந்து விடுதலை. தமிழ்நாட்டின் மண்பாதைகளில் டயரைப் பதம் பார்ப்பவை நெருஞ்சியும் சீமைக் கருவேலமும். அமெரிக்காவின் தென்மேற்கு மாநிலங்களில் சைக்கிள்காரர்கள் திட்டித் தீர்க்கும் முள்ளும் இதே நெருஞ்சிதான். அங்கே அது வெளியிலிருந்து வந்த களை. இத்தகைய சிறு துளைகள் பெரும்பாலும் ஓட்டுபவருக்குத் தெரியாமலே அடைபட்டுவிடும். அடுத்த லாபம் குறைந்த அழுத்தம். டியூப் உள்ள டயரில் காற்றைக் குறைத்தால், கல்லில் மோதும்போது ரிம்முக்கும் டயருக்கும் நடுவே டியூப் நசுங்கி, அருகருகே இரண்டு ஓட்டை விழும். டியூபே இல்லையென்றால் அந்தப் பயமில்லை. நடுத்தர எடையுள்ளவர் 2.3 அங்குல டயரில் 30 பி.எஸ்.ஐ.க்கு மேல் வைத்த இடத்தில் 22 முதல் 26 வரை வைத்து ஓட்டலாம்; வேர், சரளை, ஈரப்பாறை எதிலும் பிடிமானம் கூடும். எடை குறையும் என்று கடைக்காரர்கள் சொல்வதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 29 அங்குல டியூப் சுமார் 200 கிராம். அதில் பாதிக்கு மேல் சீலண்டும் டேப்பும் வால்வும் திருப்பி வாங்கிக்கொள்ளும்.

தொந்தரவு முழுக்கப் பொருத்துவதிலும் பராமரிப்பதிலும் இருக்கிறது. ரிம்மை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, டேப்பை இழுத்துப் பிடித்து ஒட்ட வேண்டும்; ஒரு குமிழி நின்றாலும் அதன் வழியே காற்று கசியும். பிறகு டயர் விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவி, வால்வின் உள்முள்ளைக் கழற்றிவிட்டு, ஒரே மூச்சில் நிறையக் காற்றைச் செலுத்த வேண்டும். டயர் ‘டப், டப்’ என்று இரண்டு பக்கமும் ரிம்மில் ஏறி உட்காரும். சாதாரணக் கைப்பம்பில் இது பல நேரம் நடப்பதில்லை. உட்கார்ந்தபின், 29 அங்குல டயருக்கு 90 முதல் 120 மில்லி சீலண்ட் ஊற்றி, சக்கரத்தைப் படுக்கவைத்தும் சுழற்றியும் எல்லாப் பக்கமும் பரவச் செய்ய வேண்டும். அந்தச் சீலண்ட் சில மாதங்களில் காய்ந்துவிடும். வெயில் ஊரில் இன்னும் சீக்கிரம். சக்கரத்தைக் காதருகே வைத்துக் குலுக்கும்போது திரவம் அலம்பும் சத்தம் கேட்கவில்லை என்றால் மறுபடி ஊற்றும் வேளை வந்துவிட்டது.

ஆகவே வாரந்தோறும் காட்டுப்பாதையிலோ கல்பாதையிலோ ஓட்டுபவருக்கு இந்த உழைப்பு தகும். இந்தியாவில் விற்கும் மலை சைக்கிள்களில் பெரும்பகுதி தார் ரோட்டை விட்டு இறங்குவதே இல்லை. பள்ளிக்கும் வேலைக்கும் போய்வரும் அந்த வண்டிகளுக்கு நல்ல டியூபும் தடித்த டயரும் போதும். மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கப்படும் சைக்கிளுக்கு டியூப்லெஸ் வீண்செலவு. உள்ளே சீலண்ட் ரப்பர் கட்டியாக உறைந்து கிடக்கும்.

ஆபத்து தொடங்குவது பொருந்தாத ரிம்மில். டியூப்லெஸ் ரிம்மின் உட்புறத்தில் டயர் விளிம்பு வழுக்கி இறங்காதபடி ஒரு சிறு மேடு இருக்கும். விலை குறைந்த சைக்கிள்களின் ரிம்மில் அது இருப்பதில்லை. அதில் டேப் ஒட்டி ‘கன்வர்ஷன்’ செய்தால், வளைவில் சாயும்போது டயர் ஒரு பக்கம் நழுவிக் காற்று மொத்தமும் போய்விடலாம். முன்சக்கரம் என்றால் விழுவது நிச்சயம். ரிம், டயர் இரண்டிலுமே டியூப்லெஸ் குறியீடு இருக்கிறதா என்று பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. பெட்ரோல் பங்க் கம்ப்ரசரால் டயரை ஏற்றுவதும் ஆபத்து. ரிம்மிலும் டயரிலும் அச்சிட்ட உச்ச அழுத்தங்களில் எது குறைவோ அதுவே எல்லை. அதைத் தாண்டினால் டயர் வெடித்துக் கழன்று, சீலண்ட் கண்ணில் தெறிக்கும். பல சீலண்டுகள் அம்மோனியா கலந்த ரப்பர் பால். ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்கள் லேடெக்ஸ் இல்லாத வகையைக் கேட்டு வாங்க வேண்டும். மோட்டார் சைக்கிளுக்கான சீலண்டை இதில் ஊற்றக் கூடாது.

வழியில் சீலண்ட் அடைக்காத துளை விழுந்தால் ரப்பர் திரியைச் செருகி அடைக்கலாம். பக்கச்சுவர் கிழிந்தால் டியூப்தான் கதி. எனவே டியூப்லெஸ் வண்டியிலும் ஒரு டியூப் பையில் இருந்தாக வேண்டும். டியூபைப் போடுமுன் டயரின் உட்புறத்தைக் கவனமாகத் தடவிப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே குத்தி, சீலண்ட் தயவில் தெரியாமல் போன முள்களின் நுனிகள் அங்கே நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றைப் பிடுங்காவிட்டால் புது டியூப் அரை கிலோமீட்டர் தாங்காது.

கடையில் மாற்றித் தரச் சொன்னவருக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் துணை நிற்கிறது. அதன் 86ஆம் பிரிவின்படி, விற்பவர் பொருளை மாற்றியமைத்து அதுவே காயத்துக்கு முக்கியக் காரணமானாலும், பொருத்துவதில் தக்க கவனம் எடுக்காததாலோ தயாரிப்பாளரின் எச்சரிக்கையைத் தெரிவிக்காததாலோ காயம் நேர்ந்தாலும் அவர் பொறுப்பாளி. பொருந்தாத ரிம்மில் கன்வர்ஷன் செய்து கொடுத்த கடை இதற்குள் வரும். வீட்டில் தானே மாற்றிக்கொண்டவருக்கு நிலைமை வேறு: விபத்தின்போது பொருள் மாற்றப்பட்டோ தவறாகப் பயன்படுத்தப்பட்டோ இருந்தால் விற்பவர்மேல் வழக்கு நிற்காது என்கிறது 87ஆம் பிரிவு. தயாரிப்பாளரின் உத்தரவாதமும் கைவிட்டுப் போகலாம். மாற்றுமுன் உத்தரவாதச் சீட்டைப் படிப்பது நல்லது.

பில் கேட்டு வாங்குவது அவசியம். பில் தர மறுப்பதையே முறையற்ற வணிகம் என்கிறது சட்டம். பழுதான பொருளை, பில்லில் காலம் குறிப்பிடாவிட்டால், 30 நாளுக்குள் திருப்பி எடுக்க மறுப்பதும் அவ்வாறே. பில்லில் ரிம், டயர் மாடலும் ‘டியூப்லெஸ் மாற்றம்’ என்ற வேலையும் எழுதியிருந்தால் வழக்கில் பாதி வேலை முடிந்தது. இணையத்தில் வாங்கியவரின் புகாருக்கு, அத்தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் ஒப்புகை தந்து ஒரு மாதத்தில் தீர்வு காண வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டு விதி.

கடைக்காரர் மசியாவிட்டால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால் நுகர்வோர் வசிக்கும் மாவட்டத்தின் குறைதீர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கடை எந்த ஊரில் இருந்தாலும் சரி. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. ஆய்வகச் சோதனை தேவைப்படாத வழக்கை 3 மாதத்திலும், தேவைப்படுவதை 5 மாதத்திலும் முடிக்க வேண்டும் என்பது ஏட்டளவில் உள்ள கெடு. கழன்ற டயரையும் ரிம்மையும் கழுவாமல், டேப்பைப் பிரிக்காமல் படமெடுத்துப் பத்திரப்படுத்த வேண்டும். சோதனைக்குப் போகப்போவது அவைதாம். வழக்குக்குக் காரணமான நிகழ்வு நடந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் புகார் போய்ச் சேர வேண்டும்.