அண்ணப்பிளவும் பேச்சொலியை உணரும் திறனும்

வாயின் மேற்கூரையான அண்ணம், கரு வளரும்போது முழுமையாக இணையாமல் திறந்திருக்கும் பிறவி நிலையே அண்ணப்பிளவு. உதட்டுப் பிளவையும் சேர்த்துக் கணக்கிட்டால், உலக அளவில் ஏறத்தாழ 700 குழந்தைகளில் ஒருவர் இத்தகைய பிளவுடன் பிறக்கிறார். மரபணுக்களும் சூழலும் சேர்ந்து இதற்குக் காரணமாகின்றன. கர்ப்பிணி கிரகணத்தைப் பார்த்ததால் வந்தது என்பது வெறும் நம்பிக்கையே.

இக்குழந்தைகளின் பேச்சு தெளிவில்லாமல் இருப்பதைப் பலர் கவனிக்கின்றனர். அவர்கள் பேச்சை எவ்வாறு கேட்கின்றனர் என்பது அந்த அளவுக்குக் கவனிக்கப்படுவதில்லை.

காதுக்கும் அண்ணத்துக்கும் உள்ள தொடர்பு

நடுச்செவியையும் தொண்டையின் மேற்பகுதியையும் யூஸ்டேசியன் குழாய் இணைக்கிறது. நாம் விழுங்கும்போது மெல்லண்ணத் தசைகள் இக்குழாயைத் திறக்க, நடுச்செவிக்குள் காற்று செல்கிறது. அண்ணப்பிளவில் இத்தசைகள் உரிய இடத்தில் பொருந்தியிருப்பதில்லை. அதனால் குழாய் சரியாகத் திறக்காமல், நடுச்செவியில் நீர் தேங்குகிறது. அறுவை சிகிச்சைக்கு முன் ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளிடமும் இது காணப்படுகிறது.

இதனால் ஏற்படும் கேட்டல் குறை பெரும்பாலும் மிதமானது. ஆனால் நிலையானது அன்று. ஒரு வாரம் கூடும், மறு வாரம் குறையும். காது வலியோ சீழோ இல்லாமலும் இது இருக்கலாம். கூப்பிட்டால் குழந்தை திரும்பிப் பார்க்கும். ஆனால் 'ச' போன்ற மெல்லிய ஒலிகளையும் சொல்லின் இறுதி ஒலிகளையும் தவறவிடும். 'வலி', 'வழி' போன்ற நுட்பமான வேறுபாடுகளைப் பிடிப்பதும் கடினமாகும். வகுப்பில் பின்வரிசையில் இருந்தால் சிக்கல் இன்னும் பெருகும். இத்தகைய குழந்தையை "கவனமில்லாதவன்", "மந்தம்" என்று முத்திரை குத்திவிடும் ஆபத்து உண்டு.

வாய் சொல்வதும் செவி உணர்வதும்

க், ச், ட், த், ப் ஆகிய ஒலிகளுக்கு வாய்க்குள் காற்றழுத்தம் வேண்டும். பிளவின் வழியே காற்று மூக்குக்குப் போய்விடுவதால் 'பாப்பா' என்பது 'மாம்மா' போல ஒலிக்கலாம். 'அம்மா' மட்டும் எளிதில் வரும். 'ம்' இயல்பாகவே மூக்கொலி. சில குழந்தைகள் நாக்கைப் பின்னே இழுத்தோ தொண்டையிலோ ஒலியை உருவாக்கப் பழகுகின்றனர். அப்போது 'தண்ணீர்' என்பது 'கண்ணீர்' ஆகக்கூடும்.

இப்பழக்கம் கேட்கும் திறனையும் தொடுகிறது. ஹாங்காங்கில் கான்டனீஸ் மொழி பேசும் குழந்தைகளிடம் நடந்து, 2003-இல் வெளியான ஆய்வொன்று த், க் ஒலிகளை வேறுபடுத்தும் திறனைச் சோதித்தது. நாக்கைப் பின்னே இழுத்து ஒலிக்கும் குழந்தைகள், அவ்வாறு செய்யாத அண்ணப்பிளவுக் குழந்தைகளைவிடக் குறைவாகவே அவற்றைப் பிரித்தறிந்தனர். பிளவு மட்டுமே காரணமன்று, ஒலிக்கும் முறையும் கேட்டலும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதை இது காட்டுகிறது.

மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்த பின்லாந்து ஆய்வுகள், அண்ணப்பிளவுள்ள சில குழந்தைகளிடம் கேட்ட ஒலியின் தடம் மூளையில் குறைந்த நேரமே நிலைப்பதாகக் காட்டின. எனினும், எல்லாக் குழந்தைகளும் ஒரே மாதிரி இல்லை. பலர் உரிய சிகிச்சைக்குப் பின் இயல்பான மொழித்திறன் பெறுகின்றனர்.

சிகிச்சையும் காலமும்

அண்ண அறுவை சிகிச்சை பொதுவாக முதல் பிறந்தநாளையொட்டிச் செய்யப்படுகிறது. ஐரோப்பாவிலும் தென் அமெரிக்காவிலும் 558 குழந்தைகளிடம் நடந்து, 2023-இல் வெளியான ஆய்வில், 6-ஆம் மாதத்தில் அறுவை சிகிச்சை பெற்றவர்களில் 8.9 சதவீதத்தினருக்கே 5 வயதில் மெல்லண்ணம் சரியாக மூடாத குறை இருந்தது. 12-ஆம் மாதத்தில் பெற்றவர்களிடம் அது 15 சதவீதம்.

அறுவை சிகிச்சை உறுப்பைச் சரிசெய்யும். படிந்துபோன ஒலிப்பழக்கத்தை மாற்றாது. எனவே பேச்சுப் பயிற்சியில் குழந்தை முதலில் சரியான ஒலியையும் தவறான ஒலியையும் கேட்டுப் பிரித்தறியப் பழகுகிறது. பிறகே சொல்லிப் பழகுகிறது. கேட்டல் பரிசோதனையும் தொடர வேண்டும். தேவைப்பட்டால் செவிப்பறையில் சிறு குழல் பொருத்தி நீர் வெளியேற்றப்படும்.

கிராமங்களில்

வாராவாரம் பயிற்சிக்குச் செல்வது கிராமக் குடும்பங்களுக்குக் கூலி இழப்பு. கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலைக் கிராமங்களிலிருந்து வருவோருக்குப் பயணமே ஒரு தடை. அண்டை மாவட்டமான திருவண்ணாமலையில் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனம், உள்ளூர்ப் பணியாளர்களுக்குப் பயிற்சியளித்து, பேச்சுப் பயிற்சியைக் குழந்தைகளின் ஊருக்கே கொண்டுசென்ற சமூகம் சார்ந்த திட்டம் இதற்கு ஒரு வழிகாட்டி.

2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்திய காரியக்ரம் திட்டத்தின்கீழ், அங்கன்வாடிகளில் நடக்கும் பரிசோதனையில் கண்டறிய வேண்டிய குறைகளில் உதட்டுப் பிளவும் அண்ணப்பிளவும் உள்ளன. உதட்டுப் பிளவு கண்ணுக்குத் தெரியும். அண்ணம் மட்டும் பிளந்திருந்தால் வெளியே தெரியாது. பால் மூக்கு வழியே வந்தால் குழந்தையின் வாய்க்குள் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேட்க வேண்டும். கூடவே காதையும் பரிசோதிக்கக் கேட்பது நல்லது.