எஞ்சின் பொருத்தலில் பிஸ்டன் – வால்வு இடைவெளி: அளவிடும் முறையும் அதன் அடிப்படையும்

ஆய்வுச் சுருக்கம்

நான்கு வீச்சு எஞ்சினில் பிஸ்டனும் வால்வும் ஒரே வெளியை வெவ்வேறு கணங்களில் பகிர்ந்துகொள்கின்றன. பாகங்களை மாற்றி எஞ்சினை மறுபடி பொருத்தும்போது இவ்விரண்டுக்கும் இடையே எஞ்சும் இடைவெளியை அளந்தறிவது இன்றியமையாதது. அவ்விடைவெளி எக்கணத்தில் மிகச் சிறிதாகிறது, எவற்றால் குறைகிறது, எவ்வாறு அளக்கப்படுகிறது என்பவற்றைச் செவர்லே 350 எஞ்சினைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: பிஸ்டன், வால்வு, கேம் ஷாஃப்ட், மேல் முற்றுநிலை, இடைவெளி

முன்னுரை

வால்வு பிஸ்டனில் மோதினால் வால்வின் தண்டு வளையும். தலை முறிந்து சிலிண்டருக்குள் விழுந்தால் எஞ்சினே சிதையும். பொருத்தும் மேசையில் சில மணி நேரத்தில் கண்டறியக்கூடிய ஒரு குறை, ஓட்டத்தில் ஒரு நொடியில் பேரிழப்பாகிறது. இப்பொருளைத் தமிழில் எழுதுகையில் கலைச்சொல் தெளிவும் தேவை. பிஸ்டனை 'உந்துதண்டு' என்றால், ராக்கரை இயக்கும் புஷ்ராடையும் அச்சொல்லே குறிப்பதாகிவிடும். ஆகவே பட்டறை வழக்கில் நிலைபெற்ற பிஸ்டன், வால்வு, கேஸ்கெட் ஆகிய சொற்களே இங்கு ஆளப்படுகின்றன. பிஸ்டன் தன் பயணத்தில் எட்டும் உச்சநிலை 'மேல் முற்றுநிலை' எனப்படுகிறது.

நெருக்கம் நிகழும் கணம்

வால்வு முழு உயரத்திற்குத் திறக்கும்போதுதான் மோதல் நேரும் என்ற எண்ணம் பரவலாக உண்டு. கணக்கு இதை மறுக்கிறது. செவர்லே நிறுவனம் 1955-இல் அறிமுகப்படுத்திய ஸ்மால் பிளாக் வி8 குடும்பத்தைச் சேர்ந்த 350 கன அங்குல எஞ்சினின் வீச்சு நீளம் 88.4 மி.மீ.; கனெக்டிங் ராடின் நீளம் 144.8 மி.மீ. உள்ளிழு வால்வு பொதுவாக மேல் முற்றுநிலைக்குப் பின் 108 பாகை அளவில் உச்சத் திறப்பை அடைகிறது எனக் கொள்வோம். அப்போது இவ்வெஞ்சினின் பிஸ்டன் ஏறத்தாழ 64 மி.மீ. கீழே சென்றிருக்கும். 12 மி.மீ. திறந்த வால்வால் அதனைத் தொட இயலாது.

நெருக்கம் நிகழ்வது வெளியேற்று வீச்சு முடிந்து உள்ளிழு வீச்சு தொடங்கும் மேல் முற்றுநிலையை ஒட்டி, இரு வால்வுகளும் சற்றே திறந்திருக்கும் கணத்தில். வெளியேற்று வால்வு அதற்கு ஏறத்தாழ 10 பாகை முன்பும், உள்ளிழு வால்வு ஏறத்தாழ 10 பாகை பின்பும் பிஸ்டனை மிக நெருங்குகின்றன. இதே எஞ்சினில் மேல் முற்றுநிலையிலிருந்து 10 பாகையில் பிஸ்டன் 0.88 மி.மீ. மட்டுமே இறங்குகிறது, 20 பாகையில் 3.46 மி.மீ. இறங்குகிறது. பிஸ்டன் இங்கு தயங்கி நிற்க, வால்வோ விரைந்து திறக்கிறது. இதுவே நெருக்கத்தின் காரணம்.

இடைவெளியைக் குறைக்கும் மாற்றங்கள்

இவ்வெஞ்சினின் வால்வுகள் சிலிண்டர் அச்சுக்கு 23 பாகை சாய்ந்துள்ளன. பிஸ்டன் தலையிலுள்ள வால்வுக் குழிவும் அதே சாய்வில் வெட்டப்பட்டிருப்பின், பிஸ்டன் இறக்கத்தில் 0.92 பங்கே இடைவெளியாகக் கிடைக்கும். வால்வு மூடிய நிலையில் மேல் முற்றுநிலை இடைவெளி 5.5 மி.மீ. எனவும், 10 பாகையில் உள்ளிழு வால்வின் திறப்பு 3.6 மி.மீ. எனவும் எடுத்துக்காட்டாகக் கொள்வோம். எஞ்சும் இடைவெளி 5.5 + 0.81 − 3.6 = 2.71 மி.மீ. ஆகும். இனி, சிலிண்டர் ஹெட்டின் அடிமுகம் 0.5 மி.மீ. சீவப்பட்டு, கேஸ்கெட்டும் 0.3 மி.மீ. மெல்லியதாக மாற்றப்படுமாயின் 0.74 மி.மீ. குறைந்து 1.97 மி.மீ. மட்டுமே எஞ்சும். தனித்தனியே தீங்கற்ற இரு மாற்றங்கள் கூடிய நிலையில், பொதுவாக ஏற்கப்படும் எல்லைக்குக் கீழே கொண்டுசெல்கின்றன.

கேம் ஷாஃப்ட்டை முன்னேற்றிப் பொருத்தினால் உள்ளிழு வால்வின் இடைவெளி குறையும், வெளியேற்று வால்வினது கூடும். பின்னேற்றினால் இது தலைகீழாகும்.

அளவிடும் முறைகள்

முதலாவது, களிமண் முறை. மாதிரி செய்யப் பயன்படும் மென்களிமண்ணைப் பட்டையாக்கி வால்வுக் குழிவுகளில் ஒட்டி, வால்வின் முகத்தில் சிறிது எண்ணெய் தடவ வேண்டும். ஓட்டத்தில் அமையும் அழுந்திய தடிமனுள்ள கேஸ்கெட்டுடன் ஹெட்டை உரிய முறுக்கத்தில் இறுக்கி, கிராங்க் ஷாஃப்ட்டைக் கையால் இரு முழுச் சுற்றுகள் மெல்லச் சுழற்ற வேண்டும். தடை உணரப்பட்டால் உடனே நிறுத்த வேண்டும். பின்னர் ஹெட்டைக் கழற்றி, களிமண்ணைக் கூரிய தகட்டால் வெட்டி, மிக மெல்லிய இடத்தை வெர்னியரால் அளக்க வேண்டும். வால்வின் விளிம்புக்கும் குழிவின் பக்கச் சுவருக்கும் உள்ள இடைவெளியும் இம்முறையில் தெரியவரும்.

இரண்டாவது, டயல் கேஜ் முறை. வால்வுகளில் மெல்லிய சுருள்விற்களைப் பொருத்தி, பாகைத் தட்டின் துணையால் மேல் முற்றுநிலைக்கு இருபுறமும் 20 பாகை வரை சில பாகைகளுக்கு ஒருமுறை நிறுத்த வேண்டும். ஒவ்வொரு நிலையிலும் வால்வைப் பிஸ்டன் தொடும்வரை அழுத்தினால் கேஜ் நகரும் அளவே இடைவெளி. எப்பாகையில் எவ்வளவு என்ற முழுப் படமும் கிடைப்பது இதன் சிறப்பு.

இரு முறைகளிலும் ஹைட்ராலிக் லிஃப்டருக்கு மாற்றாகத் திண்ம லிஃப்டரைப் பயன்படுத்த வேண்டும். எண்ணெய் அழுத்தமற்ற லிஃப்டர் அமுங்கி, உண்மையைவிடக் கூடுதலான இடைவெளியைக் காட்டும். களிமண் முறையில் மெல்லிய சுருள்வில்லும் பொருந்தாது. களிமண்ணே வால்வைத் தள்ளிவிடும்.

எல்லை அளவுகளும் காரணமும்

எஃகுக் கனெக்டிங் ராடு கொண்ட எஞ்சின்களுக்கு உள்ளிழு வால்வில் 0.080 அங்குலம் (2.0 மி.மீ.), வெளியேற்று வால்வில் 0.100 அங்குலம் (2.5 மி.மீ.), விளிம்பில் 0.050 அங்குலம் (1.3 மி.மீ.) என்பன பரவலாக ஏற்கப்பட்ட குறைந்தபட்ச அளவுகள். வெளியேற்று வால்வு மூடிக்கொண்டிருக்கையில் பிஸ்டன் அதனைத் துரத்தி வருகிறது. சுருள்வில் தளர்ந்து வால்வு பின்தங்கினால் மோதல் உறுதி. அவ்வால்வு மிகுந்த வெப்பத்தால் நீளவும் செய்கிறது.

மேசையில் அளந்த இடைவெளி ஓட்டத்தில் அப்படியே இருப்பதில்லை. நிமிடத்திற்கு 6000 சுழற்சியில் இவ்வெஞ்சினின் பிஸ்டன் மேல் முற்றுநிலையில் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் ஏறத்தாழ 2,300 மடங்கு முடுக்கம் பெறுகிறது. வெளியேற்று வீச்சின் முடிவில் அதனை எதிர்க்கும் எரிவாயு அழுத்தம் இல்லை. எனவே ராடு நீண்டு, பேரிங் தளர்வும் சேர்ந்து பிஸ்டன் மேலெழுகிறது. அலுமினிய ராடு மேலும் நீள்வதால் அதற்குக் கூடுதல் இடைவெளி வேண்டும்.

முடிவுரை

இடைவெளி போதாதெனில் குழிவை ஆழப்படுத்தலாம், தடித்த கேஸ்கெட் இடலாம், அல்லது வேறு கேம் ஷாஃப்ட்டைத் தேரலாம். முதலிரண்டும் அழுத்த விகிதத்தைக் குறைக்கும்; குழிவை ஆழப்படுத்தினால் பிஸ்டன் தலையின் தடிமனும் குறையும். ஆகவே எத்தீர்வும் மறு அளவீட்டுக்குப் பின்னரே ஏற்கத்தக்கது. வால்வின் உச்சத் திறப்பை மட்டும் கண்டு பாதுகாப்பைத் தீர்மானிப்பது தவறு என்பதும், மேல் முற்றுநிலையை ஒட்டிய சில பாகைகளே எஞ்சினின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன என்பதும் இவ்வாய்வால் பெறப்படுகின்றன.