தாய்மாரின் வயிற்றுத் தசையும் சத்திர சிகிச்சையும்

பேசாலையிலும் தலைமன்னாரிலும் வங்காலையிலும் கடற்கரையோரமாக நடந்து செல்வோர் காணும் காட்சி ஒன்று உண்டு. கடலிலிருந்து மீண்ட வலையை மணலில் விரித்து, அதன் கண்களை ஆராய்ந்து, அறுந்த இடத்தை மீனவர் முடிந்து சீர்செய்வர். கிழிந்த வலையோடு மீண்டும் கடலுக்குச் செல்வதிற் பயனில்லை என்பதை அவர்கள் அறிவர். ஆனால், அவர்களுடைய வீடுகளிலேயே, இரண்டு மூன்று மக்களைப் பெற்ற தாயொருத்தி, வயிற்றின் நடுவே நெகிழ்ந்துபோன தசைக்கட்டோடு ஆண்டுக்கணக்கில் நீர்க்குடம் சுமக்கக்கூடும். கருவாட்டுக் கூடை தூக்கக்கூடும். அவளுக்கு முதுகு நோகின்றது. இருமும்போதும் தும்மும்போதும் சிறுநீர் கசிகின்றது. "பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான்" என்ற ஒரு சொல்லோடு அத்துன்பம் மறைக்கப்பட்டுவிடுகின்றது. உண்மையில், அது விதியுமன்று, வெட்கப்படுதற்குரியதுமன்று. ஆராய்ந்தறியத்தக்கதும், பெரும்பாலும் சீர்செய்யத்தக்கதுமான உடற்குறையே அது.

வயிற்றின் முன்புறத்தில், கொப்பூழின் இருமருங்கும், விலா எலும்புகளிலிருந்து இடுப்பெலும்புவரை இரண்டு நீண்ட தசைகள் நேராக இறங்குகின்றன. இவற்றை நேர்த்தசைகள் என்பர். இவ்விரண்டையும் நடுவில் இணைப்பது உறுதியான நார்ப்பட்டி ஒன்று. அதன் வெண்ணிறங் காரணமாக அதற்கு வெண்கோடு என்று பெயர். கருப்பையில் குழந்தை வளர வளர, இப்பட்டி அகன்று மெலிகின்றது. கருவுற்ற காலத்திற் சுரக்கும் ஓமோன்களும் உடலின் நார்களை இளகச் செய்கின்றன. பேற்றுக்காலம் நெருங்கும்போது பெரும்பாலான தாய்மாரிடத்தும் நேர்த்தசைகள் ஒன்றையொன்று விட்டு விலகியே இருக்கும். இஃது இயற்கை. குழந்தை இயல்பாகப் பிறந்தாலும் சத்திர சிகிச்சை மூலம் பிறந்தாலும் இவ்விலகல் நேர்வதுண்டு.

பேற்றின் பின்னர் இத்தசைகள் படிப்படியாக நெருங்கி வருகின்றன. எனினும் எல்லோரிடத்தும் அவ்வாறு நிகழ்வதில்லை. முதன்முறை தாயான 300 பெண்களை நோர்வே நாட்டில் ஆராய்ந்து 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவுகளின்படி, பேறு முடிந்து ஆறு வாரமானபோது 100 பேரில் 60 பேருக்கு இவ்விலகல் இருந்தது; ஓராண்டு நிறைந்தபோதும் ஏறத்தாழ 33 பேரிடத்து அது எஞ்சியிருந்தது. வாரத்தில் இருபது முறையும் அதற்கு மேலும் பாரந் தூக்கியவரிடத்தே அது கூடுதலாகக் காணப்பட்டது. நீரும் விறகும் மீனும் சுமக்கும் கரையோரத் தாய்மார் கருத்திற் கொள்ள வேண்டிய செய்தி இதுவாகும்.

இவ்விலகலை வீட்டிலேயே ஓரளவு அறியலாம். மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடித்து, தலையையும் தோளையும் மெல்ல உயர்த்த வேண்டும். அப்போது கொப்பூழுக்குச் சற்று மேலும் கீழும் விரல்களைக் குறுக்காக வைத்துப் பார்த்தால், இரு தசை ஓரங்களுக்கும் இடையிலுள்ள பள்ளம் புலப்படும். இரண்டு விரல் அகலத்திற்கு மேல் இடைவெளி இருப்பினும், வயிற்றின் நடுவே கூரை முகடுபோல் மேடொன்று எழும்பினும், வைத்தியரிடம் காட்டுதல் நன்று.

ஈண்டு ஒரு வேறுபாட்டைத் தெளிவாக உணர்தல் வேண்டும். தசை விலகலில் வெண்கோடு மெலிந்திருக்கின்றதேயன்றித் துவாரம் ஏற்படுவதில்லை. குடலிறக்கத்திலோ துவாரமே உண்டாகி, அதனூடாகக் குடலின் பகுதி வெளித்தள்ளக்கூடும். கொப்பூழருகே தோன்றிய வீக்கம் திடீரெனக் கடினமாகி, உள்ளே செல்லாமல், கடும் நோவும் வாந்தியும் கண்டால், அது குடல் இறுகியதன் அடையாளமாக இருக்கலாம். அந்நிலையில் ஒரு கணமும் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

பேறு முடிந்த தாயின் வயிற்றைத் துணியாற் கட்டும் வழக்கம் தமிழரிடையே நெடுங்காலமாக உண்டு. அளவான இறுக்கத்தோடு கட்டினால், எழுந்து நடமாடுவதற்கு அது தற்காலிகத் துணையாகும். ஆனால் விலகிய தசைகளை அது நிலையாக ஒன்றுசேர்த்துவிடாது. முதலிற் செய்யத்தக்க சிகிச்சை பயிற்சியே. மூச்சை வெளியே விட்டுக்கொண்டு அடிவயிற்றை மெல்ல உள்ளிழுத்தல், சிறுநீரை அடக்குவதுபோல் இடுப்புத்தளத் தசைகளைச் சுருக்கித் தளர்த்தல் ஆகியவற்றை இயன்மருத்துவர் கற்றுத்தருவர். படுக்கையிலிருந்து நேரே நிமிராது, ஒருக்களித்துத் திரும்பிக் கையூன்றி எழுதல் வேண்டும். முதற் சில வாரங்களிற் பெரும் பாரந் தூக்குதலைத் தவிர்த்தல் வேண்டும்.

இப்பயிற்சிகளைப் பல மாதம் ஒழுங்காகச் செய்தும் துன்பம் நீங்காத ஒரு சிலருக்கே சத்திர சிகிச்சை தேவைப்படுகின்றது. இச்சிகிச்சையில், மயக்க மருந்து கொடுத்தபின், பெரும்பாலும் அடிவயிற்றிற் கீறித் தோலையும் கொழுப்பையும் மேலே உயர்த்துவர். விலகி நின்ற நேர்த்தசைகளின் உறைகளை மார்பெலும்பின் அடியிலிருந்து கீழ்நோக்கி ஒன்றோடொன்று பொருந்த, உறுதியான நூலால் தைப்பர். தேவையாயின் வலைத்துணி ஒன்றையும் வைத்து வலுப்படுத்துவர். குடலிறக்கமும் உடனிருப்பின் அதனையும் அப்போதே சீர்செய்தல் கூடும்.

இச்சிகிச்சை அழகுக்காக மட்டுமே செய்யப்படுவது என்று பலர் கருதுகின்றனர். வயிற்றுச் சுவர் முதுகெலும்புக்கு முன்புறத் தாங்கு போன்றது. அது உறுதிபெற்றால் முதுகின் பளு குறையக்கூடும். அவுஸ்திரேலியாவில் இச்சிகிச்சை பெற்ற 214 தாய்மாரைப் பற்றிய ஆய்வொன்று 2018ஆம் ஆண்டில் வெளிவந்தது. சிகிச்சைக்கு முன் அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் முதுகுவலியாற் பெரிதும் இடர்ப்பட்டனர். 100 பேரில் 42 பேருக்குச் சிறுநீர்க் கசிவு இருந்தது. ஆறு மாதத்தின் பின்னர் இவ்விரு துன்பங்களும் மிகவும் குறைந்திருந்தன. ஆயினும் சிகிச்சை பெறாதாரோடு ஒப்பிட்டு அவ்வாய்வு நடத்தப்படவில்லை. மேலே கூறிய நோர்வே ஆய்விலோ, தசை விலகல் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் இடையே முதுகுவலியில் வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே, முதுகுவலி எல்லாம் இதனால் வருவதே என்று கொள்ளுதல் தவறு. வேறு காரணம் உண்டோவென ஆராய்ந்த பின்னரே கத்தியை நாட வேண்டும்.

யாருக்கு, எப்போது என்பதற்குச் சுவீடன் நாட்டு நிபுணர் 2021ஆம் ஆண்டில் வகுத்த பரிந்துரைகள் வழிகாட்டுகின்றன. ஆறு மாத காலப் பயிற்சி முதலில் நிறைவேற வேண்டும். கடைசிப் பேற்றின் பின் இரண்டு ஆண்டுகளேனும் கழிந்திருத்தல் வேண்டும். இடைவெளி பொதுவாக 5 சென்ரிமீற்றராவது இருத்தல் வேண்டும். குடலிறக்கமோ மிகுந்த புடைப்போ உள்ளவருக்கு அதனிலுங் குறைவாக இருப்பினும் சிகிச்சையைக் கருதலாம். மேலும் பிள்ளை பெற விரும்புவோர் காத்திருத்தலே தக்கது. மீண்டும் கருவுற்றால் தைத்த இடம் நெகிழக்கூடும்.

இதிலும் இடையூறுகள் இல்லாமல் இல்லை. இரத்தப் பெருக்கு, புண் பழுத்தல், தோலின் கீழ் நீர் கட்டுதல், தோல் மரத்துப்போதல், கால் நாளங்களில் இரத்தம் உறைதல் ஆகியன நேரலாம். நீரிழிவு உள்ளவர் அதனை முன்னரே கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். சிகிச்சையின் பின் ஆறு வாரமேனும் பாரந் தூக்கலாகாது, கைக்குழந்தையையும் தூக்கவியலாது. அக்காலத்தில் குடத்தையும் கூடையையும் கணவரும் வீட்டாரும் சுமந்தாலன்றி, வைத்தியரின் உழைப்பு வீணாகிவிடும்.

மன்னாரில் இதற்கான முதற்படி எளிது. வீடு தேடி வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் தாயொருத்தி கூச்சமின்றித் தன் குறையைச் சொல்லலாம். அவர் வழியாகச் சுகாதார வைத்திய அதிகாரியையும், தேவைப்படின் மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலையையும் அடையலாம். அரசாங்க வைத்தியசாலையில் ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. பெரும்பாலோருக்குப் பயிற்சியும் ஓய்வுமே போதுமாக அமையும். ஒரு சிலருக்கே தையல் வேண்டியிருக்கும். எவருக்கு எது என்பதை அறிய, முதலில் அவள் வாய் திறந்து சொல்ல வேண்டும். வீட்டிலுள்ளோர் செவிகொடுத்துக் கேட்கவும் வேண்டும். வலையின் கிழிசலை நாள்தோறும் தேடிப் பார்க்கும் வீட்டில், தாயின் நோவையும் ஒருமுறை கேட்டறிதல் அரிதன்று.