மடிநோயைக் காட்டும் பால்

பசுவின் மடி வீங்கிச் சிவந்து, பாலில் திரி காணப்பட்டால், அது மடிநோய் என்பதைப் பால் கறப்போர் எளிதில் அறிவர். ஆயின், மடியிலும் பாலிலும் மாற்றம் ஏதும் புலப்படாமல் உள்ளே ஒளிந்திருக்கும் மடிநோயே பண்ணைகளில் மிகுதி. அத்தகைய பசு நலமுடையதாகவே தோன்றும். பால் மட்டும் சிறிது சிறிதாகக் குறையும். கறப்போர் கையாலும் கறவைப் பொறியாலும் அந்நோய் மற்றப் பசுக்களுக்கும் பரவக்கூடும். கண்ணுக்குப் புலனாகாத இந்நோயைப் பாலில் உள்ள பொருள்களே காட்டிக் கொடுக்கின்றன.

நோய்க்கிருமிகள் காம்பின் துளை வழியே மடிக்குள் புகுகின்றன. அவற்றை எதிர்க்க இரத்தத்திலிருந்து வெள்ளணுக்கள் திரண்டு பாலில் வந்து சேர்கின்றன. ஒரு மில்லிலிட்டர் பாலில் உயிரணுக்கள் 2 இலட்சத்தைக் கடந்தால் நோய் உண்டென ஐயுறுதல் மரபு.

இவ்வணுக்களை எண்ணாமலே அவற்றின் மிகுதியை அறியும் எளிய சோதனை ஒன்றை ஷால்ம், நூர்லாண்டர் என்னும் இருவர் 1957-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அது கலிபோர்னியா மடிநோய்ச் சோதனை எனப்படும். நான்கு குழிகளை உடைய தட்டில் நான்கு காம்புகளின் பாலையும் தனித்தனியே கறந்து, அதே அளவு சோதனைக் கரைசலைச் சேர்த்துச் சுழற்றுவர். கரைசலில் உள்ள சவர்க்காரம் போன்ற பொருள் அணுக்களை உடைக்கிறது. அவற்றினின்று வெளிப்படும் டி.என்.ஏ. கூழாகத் திரள்கிறது. அணுக்கள் மிகுந்தால் கூழும் கெட்டியாகும்.

பாலின் சுவையும் மாறுகிறது. நோயுற்ற மடியில் பாற்சருக்கரை குறையும். இரத்தத்திலுள்ள சோடியமும் குளோரைடும் பாலில் கசிவதால் உவர்ப்பு ஏறும். உப்பு மிகுந்த பாலில் மின்சாரம் எளிதில் பாயும். இன்றைய கறவைப் பொறிகள் பல இதனை அளந்தே எச்சரிக்கை தருகின்றன. லாக்டேட் டீஹைட்ரோஜினேஸ் என்னும் நொதியும், ஹாப்டோகுளோபின் என்னும் புரதமும் நோயுற்ற பாலில் பெருகுவதால், அவையும் அடையாளங்களாகக் கொள்ளப்படுகின்றன.

எனினும், இவை அழற்சியை உணர்த்துமேயன்றிக் கிருமி இன்னதென்று கூறமாட்டா. கன்று ஈன்ற சில நாள்களிலும் பால் வற்றும் பருவத்திலும் அணுக்கள் இயல்பாகவே மிகுந்திருக்கும். ஆதலின், ஐயத்துக்குரிய காம்பின் பாலைக் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு அனுப்புவதே முறை. நோயுற்ற காம்பும் அதற்குக் காரணமான கிருமியும் தெளிவானால், வேண்டாத மருந்தும் அம்மருந்து கலந்ததால் கொட்டப்படும் பாலும் குறையும்.