நடக்க முடியாதவர் கடல் கடந்தார்

வேலூரிலிருந்து பெங்களூர் சாலையில் சுமார் 20 கிலோமீட்டர் போனால் பள்ளிகொண்டா. பாலாற்றங்கரையில் உத்தர ரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கும் தலம்; ஊருக்குப் பெயரும் அதனால் வந்ததுதான். இன்னும் மேற்கே போனால் ஆம்பூர். காலை வேளையில் இந்தப் பக்கம் வந்து பாருங்கள்; சாப்பாட்டுத் தூக்கும் கையுமாகப் பெண்கள் கூட்டங்கூட்டமாக ஷூ கம்பெனிகளுக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். அவர்கள் தைக்கும் காலணிகள் கப்பலேறி ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகின்றன. தைத்தவர்களில் எத்தனை பேர் கடலைத் தாண்டியிருப்பார்கள்?

"நமக்கெல்லாம் வெளிநாடு எங்கே? வீட்டைப் போட்டுவிட்டுப் போக முடியுமா?" என்று நீங்களும் எத்தனையோ தடவை சொல்லியிருப்பீர்கள். அப்படிப்பட்டவர்கள் டாக்டர் மேரி வர்கீஸின் கதையைக் கேட்க வேண்டும். காலணி தேய நடக்கக் கொடுத்து வைக்காத அந்தப் பெண்மணி, இதே வேலூரிலிருந்து புறப்பட்டு இரண்டு கண்டங்களுக்குப் போய் வந்தார்.

மேரி வர்கீஸ் 1925-ல் கேரளத்தில் பிறந்தவர். டாக்டர் ஐடா ஸ்கடர் பெண்களுக்கென்றே 1918-ல் தொடங்கிய வைத்தியப் பள்ளிதான் பிற்பாடு வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. மேரி அங்கே படித்து டாக்டரானார். 1954-ஆம் வருஷம் ஜனவரி மாதம், சக டாக்டர்களோடு உல்லாசப் பயணம் போன வண்டி கவிழ்ந்தது. முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்ச்சியும் அசைவும் இல்லாமற் போயிற்று. அப்போது அவருக்கு முப்பது வயது கூட நிறையவில்லை.

இப்படி அடிபட்டவர்களுக்குக் கால் போவது மட்டுமல்ல ஆபத்து. உணர்ச்சியில்லாத உடம்பு ஒரே பக்கமாக அழுந்திக் கிடந்தால் படுக்கைப் புண் வரும். சிறுநீர்ப் பையில் விஷக்கிருமி சேரும். இரண்டாம் உலகப் போருக்கு முன்னெல்லாம் பெரும்பாலோரை இவை இரண்டுமே கொண்டுபோய்விட்டன.

மேரி பிழைத்தார். குஷ்டரோகத்தால் மடங்கிப்போன விரல்களை ரண சிகிச்சையால் நிமிர்த்தி வந்த டாக்டர் பால் பிராண்ட் அப்போது வேலூரில் இருந்தார். கைகளுக்குச் செய்யும் சிகிச்சைக்கு நின்றுகொண்டிருக்க வேண்டியதில்லையே! சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே மேரி கத்தியைக் கையில் எடுத்தார்; எத்தனையோ பேருக்கு விரல்களைத் திருப்பித் தந்தார்.

இதோடு கதை முடிந்திருந்தாலும் நாம் கைகூப்பியிருப்போம். ஆனால் அவர் முதலில் ஆஸ்திரேலியாவிலுள்ள பெர்த் நகரத்துக்குச் சிகிச்சைக்காகப் போனார். அப்புறம் நியூயார்க்குக்குப் போனார். போரில் காயம்பட்ட விமானப்படை வீரர்களுக்குச் சிகிச்சையளித்துப் பழகிய டாக்டர் ஹோவர்ட் ரஸ்க் அங்கே ஒரு மறுவாழ்வு நிலையம் நடத்தி வந்தார். அதில்தான் மேரி படித்தார்.

அங்கே என்ன கற்றுத் தருகிறார்கள் என்று கேட்பீர்கள். கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தானே மாறுவது, தானே உடுத்துவது, நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி அடிக்கடி உடம்பைத் தூக்கிப் புண் வராமல் காப்பது, கடைசியில் ஒரு வேலைக்குத் திரும்புவது. கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும். ஆனால் ஒரு மனிதரின் மானமே இவற்றில்தான் அடங்கியிருக்கிறது.

நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? ஒருவர் முடங்கிவிட்டால் உருகிப்போகிறோம். ஊட்டுகிறோம், துடைக்கிறோம், "நீ அசையாதே, நான் இருக்கிறேன்" என்கிறோம். அது அன்புதான், சந்தேகமில்லை. ஆனால் அந்த அன்பே அவரைக் கட்டிலோடு கட்டிப்போட்டு விடுகிறது. "அவருக்கு என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்பதோடு நிறுத்திவிடாமல், "அவரால் என்ன செய்ய முடியும்?" என்று கேட்பதுதான் மறுவாழ்வு வைத்தியம். அக்கேள்விக்கு மேரியே பதிலாக நின்றார். தம்முடைய குறையே தமக்குத் தொழிலாகும் என்று கண்டுகொண்டார்.

லிப்டும் வழுவழுப்பான பாதையும் உள்ள ஊரிலேயே அவர் தங்கிவிடவில்லை. வாசற்படிகளும் மண் தெருக்களும் உள்ள நாட்டுக்குத் திரும்பினார். 1963-ல் வேலூர்க் கல்லூரியின் மறுவாழ்வு வைத்தியத் துறைக்குத் தலைவியானார். 1966-ல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் உருவாயிற்று. நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் இத்தகைய நிலையங்களில் இந்தியாவுக்கே அது முன்னோடி. 1972-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1986-ல் அவர் மறைந்தார். நிலையம் இன்றும் நடக்கிறது.

வெளிநாட்டுப் பயணம் என்றால் பட்டுப் புடவையும் போட்டோவும் சாமான்களும்தான் என்று நினைக்கிறோம். உள்ளூரில் எல்லாருக்கும் நம்மைத் தெரியும். ஆகையால் நம்மால் இவ்வளவுதான் முடியும் என்று அவர்களும் தீர்மானித்திருப்பார்கள், நாமும் அதை ஒப்புக்கொண்டிருப்போம். வேற்றூரில் அந்தத் தீர்மானம் செல்லாது. அங்கே நாம் புதிதாக நம்மையே பார்க்கிறோம். பிரயாணத்தின் பெரிய லாபம் அதுதான்.

சகோதரிகளே, நாளைக்கே நியூயார்க்குக்குப் புறப்பட எல்லாராலும் முடியாது. ஆனால் உங்கள் வீட்டில் மாமியாரோ, அண்ணனோ, குழந்தையோ கட்டிலில் கிடந்தால், டாக்டரைக் கேட்டுக்கொண்டு, சீப்பை அவர்கள் கையிலேயே கொடுத்துப் பாருங்கள். தலை கோணலாக வாரினாலும் பரவாயில்லை. குறுக்கே கை நீட்டாமல் சற்றுப் பொறுத்திருங்கள்.