ஊரெல்லாம் கல்யாண வீடு

சித்திரை மாதத்தில் மதுரைக்கு வாருங்கள் என்று யாராவது அழைத்தால், "ஐயோ, அந்த வெயிலிலா?" என்றுதான் நமக்குக் கேட்கத் தோன்றும். பஞ்சாங்கத்தைப் புரட்டினால் சித்திரையும் வைகாசியும் வசந்த ருது என்று போட்டிருக்கும். ஆனால் மதுரைத் தார் ரோட்டில் செருப்பில்லாமல் நாலடி நடந்தவர்களுக்கல்லவா தெரியும், அந்த வசந்தத்தின் சூடு! சுற்று வட்டாரத்துக் கண்மாய்கள் வறண்டு வெடித்துக் கிடக்கும். வேப்ப மரம் ஒன்றுதான் பூத்துக் குலுங்கி ஆறுதல் சொல்லிக்கொண்டு நிற்கும்.

இந்த வறட்சிக்கு நடுவில்தான் மதுரை நகரம் தன் வருஷத்தின் மிகப் பெரிய கொண்டாட்டத்தை வைத்துக் கொண்டிருக்கிறது. மீனாட்சியம்மன் கோயிலில் கொடி ஏறியது முதல் கள்ளழகர் மலைக்குத் திரும்புகிற வரையில், இரண்டு வாரத்துக்கும் மேலாக ஊரே கல்யாண வீடாகி விடுகிறது. மற்ற ஊர்த் திருவிழாக்களுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ராணிக்கு முடிசூட்டு

கல்யாணத்துக்கு முன்னால் பட்டாபிஷேகம். எட்டாம் நாள் விழாவில் அன்னை மீனாட்சிக்குக் கிரீடம் சூட்டி, செங்கோல் கொடுத்து, பாண்டிய குலத்துக்கு உரிய வேப்பம்பூ மாலையும் அணிவிக்கிறார்கள். அன்று முதல் மதுரையில் மீனாட்சி ராஜ்யம்தான். சித்திரை முதல் ஆடி வரை நான்கு மாதம் அம்மையின் ஆட்சி. ஆவணியில் சுவாமி முடிசூடி மிச்ச எட்டு மாதத்தையும் கவனித்துக் கொள்கிறார். "எட்டு மாதம் அவருக்கு, நமக்கு நாலுதானா?" என்று சில சகோதரிகள் முணுமுணுக்கலாம். ஆனால் சித்திரை வெயிலில் மதுரையை ஆள்வதென்றால் சாமானியமா? கடினமான பகுதியை அம்மையே எடுத்துக் கொண்டாள் என்று வைத்துக் கொள்ளுங்களேன்!

மறுநாள் திக்விஜயம். எட்டுத் திசைப் பாலகர்களையும் வென்று வரும் வீராங்கனை, கடைசியில் சிவபெருமானுக்கு எதிரே வந்ததும் நாணித் தலை குனிகிறாள். அதற்கு மறுநாள் திருக்கல்யாணம்.

திருப்பரங்குன்றத்திலிருந்து பிள்ளை முருகன் வந்து விடுகிறார். தாரை வார்த்துக் கொடுப்பதற்குப் பவளக்கனிவாய்ப் பெருமாளும் அங்கிருந்தே வருகிறார். மேல ஆடி வீதியும் வடக்கு ஆடி வீதியும் சந்திக்கிற இடத்துக் கல்யாண மேடையில் அம்மைக்கு மங்கல நாண் பூட்டும் அந்தக் கணத்தில், கூடியிருக்கும் சுமங்கலிகள் எல்லாரும் தங்கள் தாலிக் கயிற்றைப் புதிதாக மாற்றிக் கொள்கிறார்கள். ஒரே ஒரு கல்யாணம் நடக்கிறது. ஆயிரக்கணக்கான பெண்கள் தங்கள் கல்யாணத்தை மறுபடி நினைத்துக் கொள்கிறார்கள். வந்தவர்கள் மொய் எழுதுகிறார்கள். சேதுபதி பள்ளிக்கூடத்தில் பந்தி பந்தியாகக் கல்யாணச் சாப்பாடு நடக்கிறது. பத்திரிகை வரவில்லையே என்று யாரும் கோபித்துக் கொள்ள வேண்டியதில்லை. எல்லாரும் பெண் வீட்டார்தான்.

சித்திரையில் ஓடும் மாசித் தேர்

கல்யாணத்துக்கு மறுநாள் தேரோட்டம். இங்கே ஒரு சின்னப் புதிர் இருக்கிறது. தேர் ஓடுவது சித்திரை மாதத்தில். ஓடுகிற வீதிகளுக்கோ மாசி வீதிகள் என்று பெயர். ஏன் இந்த முரண்?

மீனாட்சி கல்யாணம் முற்காலத்தில் மாசியில்தான் நடந்து வந்தது என்கிறார்கள். சித்திரா பௌர்ணமிக்கு அழகர்மலைப் பெருமாள் வைகைக் கரைக்கு வருவது தனி உற்சவம். அதுவும் மதுரைக்கு அல்ல, மேற்கே உள்ள தேனூருக்கு. 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்க மன்னர்தான் மாசிக் கல்யாணத்தைச் சித்திரைக்கு மாற்றி, தேனூருக்குப் போன அழகரை மதுரைக்கு வரவழைத்து, இரண்டையும் ஒரே முடிச்சில் போட்டார். அறுவடை முடிந்து வயலில் வேலை ஓய்ந்த சமயம். நாட்டுப்புறத்து ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வரத் தோதான மாதம். சைவக் கோயில் உற்சவமும் வைஷ்ணவக் கோயில் உற்சவமும், நகரத்துக் கூட்டமும் கிராமத்துக் கூட்டமும் ஒரே வாரத்தில், ஒரே ஊரில்! மன்னர் பெரிய கெட்டிக்காரர்தான்.

ஆனால் மன்னர் தேதியை மட்டும்தான் மாற்ற முடியும். இரண்டு உற்சவத்தையும் ஒரே குடும்ப விஷயமாக்கியது ஜனங்கள் கட்டிய கதை.

தாமதமாக வந்த அண்ணன்

கோயில் புராணத்தைக் கேட்டால், துர்வாசர் சாபத்தால் தவளையாகிப் போன சுதபஸ் முனிவருக்கு மோட்சம் கொடுக்கத்தான் அழகர் வைகைக்கு வருகிறார் என்று சொல்லும். மதுரைப் பாட்டிமார்களைக் கேட்டால் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அழகர் மீனாட்சிக்கு அண்ணன். தங்கை கல்யாணத்துக்குச் சீர் கொண்டு வருகிறார். வழி நெடுக ஆங்காங்கே தங்கித் தங்கி வந்ததில் நேரமாகி விட்டது. ஆற்றில் இறங்கும்போது கல்யாணம் முடிந்து போன சேதி வருகிறது. அண்ணனுக்கு வந்ததே கோபம்! ஊருக்குள் காலெடுத்து வைக்காமல் அப்படியே கிழக்கே திரும்பி வண்டியூருக்குப் போய் விடுகிறார். அங்கே அவர் துலுக்க நாச்சியார் வீட்டில் தங்குகிறார் என்பதும் ஜனங்கள் கதைதான். பெருமாள் தங்குவதென்னவோ வண்டியூர் வீரராகவப் பெருமாள் கோயிலில்.

பேராசிரியர் தொ. பரமசிவன் இந்த மரபுகளையெல்லாம் கிராமம் கிராமமாகக் கேட்டு ஆராய்ந்திருக்கிறார். 'அழகர் கோயில்' என்ற அந்த ஆராய்ச்சி நூலை மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1989-இல் வெளியிட்டது.

அழகர் புறப்படுகிற கோலமே அலாதி. பெருமாளாக அல்ல, கள்ளராக வருகிறார். கொண்டையும் கடுக்கனும் கையில் வளைதடியுமாக, மலையடிவாரத்தில் காவல் இருக்கும் பதினெட்டாம்படிக் கருப்பசாமியிடம் விடை பெற்றுக்கொண்டு கிளம்புகிறார். அழகர்கோயிலிலிருந்து மதுரைக்கு சுமார் 21 கிலோமீட்டர். கள்ளந்திரி, அப்பன் திருப்பதி என்று ஊர் ஊராக வந்து, மூன்றுமாவடியில் 'எதிர்சேவை' என்னும் வரவேற்பைப் பெறுகிறார். தல்லாகுளம் பெருமாள் கோயிலில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த ஆண்டாள் மாலையைச் சூடிக்கொண்டு, பௌர்ணமியன்று விடிகிற நேரத்தில் தங்கக் குதிரையில் ஏறி ஆற்றில் இறங்குகிறார். அன்று எந்தக் கலர்ப் பட்டு உடுத்தி வருகிறார் என்று லட்சம் கண்கள் பார்த்திருக்கும். பச்சைப் பட்டு என்றால் நாடு செழிக்கும் என்பது நம்பிக்கை. சேலையின் நிறத்தைப் பற்றிப் பெண்கள்தான் அதிகம் கவலைப்படுகிறார்கள் என்று இனி எந்த ஆண் பிள்ளையாவது சொல்லட்டும்!

நானூறு வீட்டு விருந்தாளி

அண்ணனுக்கு ஏன் இவ்வளவு தாமதம்? இந்தக் கேள்விக்குள்தான் திருவிழாவின் ரகசியமே இருக்கிறது.

வழியெல்லாம் மண்டகப்படிகள். அழகர் போக வர இறங்கித் தங்குகிற மண்டபங்களும் பந்தல்களும் நானூறுக்கு மேல். ஒன்று ஒரு குடும்பத்துடையது; இன்னொன்று ஒரு தொழில்காரர்களுடையது; மற்றொன்று ஒரு தெருக்காரர்களுடையது. மற்ற நாளில் நாம் சுவாமியைத் தேடிக் கோயிலுக்குப் போகிறோம். சித்திரையிலோ சுவாமி நம் வாசலைத் தேடி வருகிறார். வாசலுக்கு வந்தவரைச் சும்மா அனுப்பலாமா? பெண்கள் செம்பில் சர்க்கரை நிரப்பி, மேலே சூடம் ஏற்றிக் கையில் ஏந்தி நிற்கிறார்கள். பெருமாளுக்குப் பின்னால் வருகிற கூட்டத்துக்கு நீர் மோர், பானகம், புளியோதரை, தயிர் சாதம். அழகர் வேஷம் கட்டியவர்கள் தோல் பையில் நீர் நிரப்பித் துருத்தியால் பீய்ச்சுகிறார்கள். வெந்து வந்தவரைக் குளிர்விக்கும் உபசாரம் அது. அழுத்தப் பம்புகளை வைத்து அடித்து, அதைத் தொல்லையாக்க வேண்டாம் என்று நீதிமன்றமே சொல்ல நேர்ந்தது.

யோசித்துப் பாருங்கள். பூமி காய்ந்து, ஒரு குடம் தண்ணீருக்குப் பெண்கள் மெனக்கெடுகிற மாதம் இது. அந்த மாதத்தில் முன்பின் தெரியாதவர் கையில் ஒரு டம்ளர் மோரைக் கொடுப்பதுதான் இந்தத் திருவிழாவின் உயிர். அண்ணனும் தங்கையும் கடைசி வரை சந்திப்பதே இல்லை. அவர்கள் பேரைச் சொல்லிக்கொண்டு ஒருவரை ஒருவர் சந்திக்கிறவர்கள் மலை நாட்டாரும் நகரத்தாரும், சைவரும் வைஷ்ணவரும், விருந்தாளியும் வீட்டுக்காரரும்தான்.

இந்த விருந்து இரண்டு ஆண்டுகள் நின்று போயிற்று. கொரோனாக் காலத்தில், 2020-ஆம் ஆண்டு மே 4-ஆம் தேதி, மீனாட்சி கல்யாணம் ஒரு சில பட்டர்களை மட்டும் வைத்துக் கோயிலுக்குள் நடந்தது. பெண்கள் அவரவர் வீட்டில், செல்போனிலும் டெலிவிஷனிலும் பார்த்தபடியே தாலிக் கயிற்றை மாற்றிக் கொண்டார்கள். 2020, 2021 இரண்டு ஆண்டுகளிலும் அழகர் மலையை விட்டு இறங்கவில்லை. பூஜைக்குக் குறைவில்லை, மந்திரத்துக்குக் குறைவில்லை. ஆனாலும் மதுரைக்குத் திருவிழா வந்ததாகத் தோன்றவில்லை. கொடுப்பதற்குக் கை இருந்தது. வாங்குவதற்கு ஆள் வரவில்லை.

2022-இல் ஜனங்கள் திரண்டு வந்தபோது நேர்ந்தது வேறு. ஏப்ரல் 16 அன்று ஆற்றங்கரை நெரிசலில் இரண்டு பேர் உயிரிழந்தார்கள். விருந்துக்கு அழைத்தவனுக்கு, வந்தவரைப் பத்திரமாக வீடு சேர்க்கும் பொறுப்பும் உண்டல்லவா? போலீஸும் அதிகாரிகளும் செய்ய வேண்டியது ஒரு பக்கம் இருக்கட்டும். போகிறவர்களுக்கும் ஒரு யோசனை: குழந்தைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு, ஆற்றில் இறங்கும் அந்த ஒரு மணி நேரத்துக்காக முண்டியடிக்க வேண்டாம். அதே அழகரை வரும் வழியிலோ திரும்பும் வழியிலோ ஒரு மண்டகப்படியில் நிதானமாகத் தரிசிக்கலாம். மறுநாள் இரவு ராமராயர் மண்டபத்தில் விடிய விடியத் தசாவதாரக் காட்சி உண்டு. பிறகு பூப்பல்லக்கும் உண்டு. குழந்தையின் சட்டைப் பையில் உங்கள் போன் நம்பரை ஒரு சீட்டில் எழுதிப் போட மறக்காதீர்கள். கழுத்து நகை வீட்டிலேயே இருக்கட்டும்.

வைகையின் குறை

எல்லாருக்கும் விருந்து வைக்கிற இந்த விழாவில் ஒருத்தி மட்டும் காய்ந்த வயிற்றோடு கிடக்கிறாள். அவள்தான் வைகை.

வருஷநாட்டு மலையில் பிறந்து சுமார் 258 கிலோமீட்டர் ஓடுகிற நதி இது. மழை பெய்தால்தான் இதற்கு ஓட்டம். மேற்கே ஓடிய பெரியாற்று நீரை 1895-இல் முல்லைப் பெரியாறு அணை கிழக்கே திருப்பியது. 1959-இல் வைகை அணை திறக்கப்பட்டது. பாசனமும் குடிநீரும் பெருகின. மதுரைக்குள் ஆற்றின் ஓட்டம் மட்டும் அணையின் மதகைப் பொறுத்ததாகி விட்டது. அழகர் இறங்குவதற்கென்றே ஆண்டுதோறும் அணையிலிருந்து தண்ணீர் விடுகிறார்கள். அணையில் நீர் குறைந்த காலத்தில் ஆற்றுக்குள் தொட்டி போலக் கட்டி நீர் நிரப்பிச் சமாளித்ததும் உண்டு. மதுரை மட்டுமல்ல, சோழவந்தான், மானாமதுரை, பரமக்குடி என்று வைகைக் கரை நெடுகிலும் சித்திரா பௌர்ணமிக்குப் பெருமாள் ஆற்றில் இறங்குகிறார். எல்லாருக்கும் அதே கவலை.

நாலு நாள் ஓடிய தண்ணீர் வடிந்த பிறகு ஆற்றில் என்ன இருக்கிறது? மோர் குடித்த பிளாஸ்டிக் டம்ளர்கள், சாதம் வாங்கிய தட்டுகள், கிழிந்த பைகள். அவற்றோடு ஊர்ச் சாக்கடையும் சேர்ந்து கொள்கிறது. அழகரை வரவேற்கக் கோலம் போட்ட கையால்தானே அந்த டம்ளரையும் ஆற்றில் போட்டோம்?

அணையில் தண்ணீரைப் பெருக்குவது நம் கையில் இல்லை. ஆனால் மண்டகப்படியில் பிளாஸ்டிக் டம்ளருக்குப் பதில், கழுவி வைக்கும் எவர்சில்வர் டம்ளரைப் புழங்குவது நம் கையில் இருக்கிறது. போகும்போது வீட்டிலிருந்தே ஒரு செம்பு எடுத்துப் போவதும் நம் கையில்தான் இருக்கிறது. கல்யாண வீட்டுக்கு யாரும் கையை வீசிக்கொண்டு போவதில்லை. ஏதாவது மொய் எழுதிவிட்டுத்தான் வருகிறோம். அடுத்த சித்திரையில் மதுரைக்குப் போகிறவர்கள் வைகையின் பேரிலும் ஒரு மொய் எழுதுங்கள். காசு பணம் வேண்டாம். கொண்டுபோன குப்பையைத் திரும்ப வீட்டுக்கே கொண்டு வந்தால் போதும்.